ராட்டினம் ஏறாதவர்களுக்காக ஒரு ரூம்

நாட்டரசன்கோட்டை
தை மாதம்

அன்புள்ள தங்கை மீனாவுக்கு, ஆச்சி எழுதுவது.

இங்கே நானும் உன் அயித்தானும் நம் ஆத்தாவும் நலம். பனி நாள் என்பதால் ஆத்தாவுக்கு முழங்கால் வலி மட்டும் கொஞ்சம் கூடுதல். செவ்வாய்ப் பொங்கலுக்கு நீ வராத கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. கண்ணாத்தா கோயில் வாசல் முழுக்கப் பானைகள், கண்ணைக் கரிக்கும் புகை. சீட்டுக் குலுக்கலில் யார் பேர் முதலில் வந்தது, யார் பானை முதலில் பொங்கியது என்று இரண்டு நாள் இதே பேச்சு. கடல் தாண்டிப் போன புள்ளிக் குடும்பத்தார் எல்லாம் வந்து நின்றார்கள். கோயமுத்தூரில் இருக்கிற உனக்கு லீவு கிடைக்கவில்லை. மே மாதம் சிங்கப்பூர் போக மட்டும் எப்படிக் கிடைக்கிறது என்று ஆத்தா கேட்கிறாள். நான் கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை செந்தோசாத் தீவிலேயே, யுனிவர்சல் ஸ்டூடியோஸ் வாசலை ஒட்டிய ஓட்டலில்தான் தங்க வேண்டும் என்கிறார். நீ சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மலிவாக ரூம் தேடுகிறாய். அங்கே குடித்தனம் நடத்தித் திரும்பியவள் என்று என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். போனில் சொன்னால் "அப்புறம் பேசுறேன் ஆச்சி" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

முதலில் யார் யார் போகிறீர்கள் என்று பார். நீ, மாப்பிள்ளை, ஒன்பது வயது உமையாள், நாலு வயது சின்னவன், ஆத்தா. பிள்ளைகள் இரண்டு பேரையும் செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்து வை. அங்கே வயது கேட்க மாட்டார்கள், உயரக்கோலைத்தான் வைத்துப் பார்ப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஏற 102 சென்டிமீட்டர் வேண்டும். இருட்டில் ஓடும் மம்மி ரயிலுக்கு 122. பேட்டில்ஸ்டார் ரோலர் கோஸ்டருக்கு 125. உமையாள் ஏறுவாள், மாப்பிள்ளை அவளோடு ஏறுவார். நீ நம் ஊர்த் திருவிழா ராட்டினத்திலேயே கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்பச்சியின் சட்டையைக் கிழித்தவள். ஆத்தா ஏறப்போவதில்லை. சின்னவனைப் பெரிய ராட்டினங்களில் விட மாட்டார்கள். ஆக, ஐந்து பேரில் ஏறப்போவது இரண்டு பேர்.

இதில்தான் என் தீர்ப்பு இருக்கிறது. ராட்டினம் ஏறுகிறவர்களுக்கு எங்கே தங்கினாலும் ஒன்றுதான். காலையில் உள்ளே போனால் இருட்டும் வரை வெளியே வரமாட்டார்கள், ராத்திரி எந்தக் கட்டிலில் போட்டாலும் தூங்கிவிடுவார்கள். தங்கும் இடத்தின் நல்லது கெட்டது முழுக்க ஏறாதவர்கள் தலையில்தான் விழும். மத்தியானம் எங்கே படுப்பது, எங்கே சாப்பிடுவது, யாரோடு பேசுவது என்பதெல்லாம் அவர்கள் பாடு. ரூம் போடும்போது உமையாளை நினைக்காதே, ஆத்தாவை நினை.

மாப்பிள்ளை சொல்வதிலும் நியாயம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். வாசலிலேயே ரூம் இருந்தால், வெயில் ஏறியதும் ஆத்தாவும் சின்னவனும் போய்ப் படுத்துவிட்டுச் சாயங்காலம் வரலாம். சிங்கப்பூர் மழை சொல்லிக்கொண்டு வராது, இடி இடித்தால் வெளியில் ஓடும் ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் கூப்பிடு தூரத்தில் ஒரு கட்டில் என்பது பெரிய விஷயம்தான்.

ஆனால் அவர் படித்தது அமெரிக்கா போனவர்கள் சொல்லும் யோசனை என்று நினைக்கிறேன். ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் அவர்கள் ஓட்டலிலேயே தங்கினால் மற்றவர்களைவிட அரை மணி நேரம் முன்னால் உள்ளே விடுவார்கள். அங்கே ஒரு பார்க்குக்கும் அடுத்ததுக்கும் தூரம், நாள் கணக்கில் சுற்ற வேண்டும். நம் பக்கத்தில் பிடதி வொண்டர்லா போவதாக இருந்தால்கூட, பெங்களூர் டிராஃபிக்கில் 28 கிலோமீட்டர் போய்த் திரும்புவதைவிட உள்ளே இருக்கும் ரிசார்ட்டிலேயே தங்கு என்று நானே சொல்வேன். சிங்கப்பூர் கதை வேறு. 2010இல் திறந்த அந்தப் பார்க் ஐம்பது ஏக்கருக்குள்தான், ஒரே நாளில் பார்த்து முடிக்கலாம். ஊருக்குள்ளிருந்து நேராக ரயில் போகிறது. வரிசையில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் வேண்டுமென்றாலும் தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

வழியைச் சொல்கிறேன். ஃபேரர் பார்க்கிலோ லிட்டில் இந்தியாவிலோ ஏறு. ஊதா நிற ரயில். வண்டி மாற வேண்டாம், கடைசி நிலையம் ஹார்பர்ஃபிரன்ட், கால் மணி நேரம்தான். மேலே விவோசிட்டி என்ற பெரிய கடைத்தொகுதி. லிஃப்டில் மூன்றாம் தளம் போனால் செந்தோசா ரயில், ஆளுக்கு 4 வெள்ளி, திரும்பி வரக் காசில்லை. முதல் நிறுத்தத்தில் இறங்கினால் யுனிவர்சலின் அந்தச் சுழலும் உருண்டை தெரியும். நகர ரயிலில் பாங்க் கார்டைத் தட்டியே போகலாம், ஆனால் ஒரு கார்டில் ஒருவர்தான். ஆத்தாவுக்கும் தனிக் கார்டு வேண்டும், மறந்துவிடாதே.

காசுக் கணக்கும் பார். ஐந்து பேரை ஒரே அறையில் பெரும்பாலும் விட மாட்டார்கள், இரண்டு ரூம் வேண்டும். ஓட்டல் விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி போட்டிருந்தால் அதுவல்ல முழு விலை. சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதன் மேல் வரி 9 சதவீதம். 300 வெள்ளி என்று போட்டிருந்தால் கையை விட்டுப் போவது 359 வெள்ளி 70 காசு. அதை இரண்டால் பெருக்கி, தங்கும் ராத்திரிகளாலும் பெருக்கிப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடம் காட்டு. பார்க்குக்கு ஒரு நாள், தீவு வாடகை எல்லா நாளும் என்பது செட்டி வீட்டுக் கணக்கா?

அதைவிட முக்கியம், ஆத்தாவுக்கு அந்த ஊரில் பார்க்க வேண்டியது வேறு. டேங்க் ரோட்டுத் தண்டாயுதபாணி கோயில் நம்மவர்கள் 1859இல் கட்டியது. நம் ஐயா மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் பெட்டிக்கு முன் உட்கார்ந்து கணக்கு எழுதிய கதையை ஆத்தா நமக்குச் சொல்லாத நாள் உண்டா? அந்தத் தெருவில் இப்போது நிற்பதெல்லாம் மாடிக் கட்டடங்கள்தான், இருந்தாலும் ஒரு நடை கூட்டிப் போ. சிராங்கூன் ரோட்டில் தங்கினால் விடிந்ததும் பெருமாள் கோயில், அப்புறம் கோமள விலாசில் இட்லி, காபி. வழி கேட்கத் தமிழ் போதும். தீவில் நாலு நாள் உட்கார வைத்தால் அவள் யாரோடு பேசுவாள், சொல்.

ஆகவே என் ஓட்டு சிராங்கூன் ரோட்டுக்குத்தான். ஆனால் நீ பார்த்து வைத்திருக்கும் மலிவு ரூமுக்கு இல்லை. அங்கே பழைய கடைவீட்டை ஓட்டலாக மாற்றியிருப்பார்கள். முன்பக்கம் படத்தில் அழகாக இருக்கும், உள்ளே செங்குத்தான படி, லிஃப்ட் கிடையாது. சில ரூம்களில் சன்னலே இருக்காது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பெட்டியை விரித்தால் நடக்க இடமிருக்காது. பணம் கட்டுமுன் எழுதிக் கேள்: லிஃப்ட் உண்டா, சன்னல் உண்டா, குளியலறையில் படி இருக்கிறதா, இரண்டு ரூமும் ஒரே மாடியில் கிடைக்குமா? ரயில் நிலையத்துக்குப் பக்கமாக, கொஞ்சம் கூடுதல் விலையில் நல்லதாகப் பார். இறங்கும் நாள் ஞாயிறு சாயங்காலமாக இருக்க வேண்டாம். வேலைக்கு வந்த நம் பிள்ளைகள் எல்லாம் அன்றுதான் சிராங்கூன் ரோட்டுத் தேக்காவில் கூடுவார்கள், பெட்டியோடு நடக்க முடியாது.

பார்க் போகும் நாள் வார நாளாக இருக்கட்டும். மே கடைசியில் அங்கே பள்ளி விடுமுறை தொடங்கிவிடும், அதற்குள் போய் வந்துவிடு. காலையில் எல்லாரும் சேர்ந்து போங்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நீ ஆத்தாவையும் சின்னவனையும் கூட்டிக்கொண்டு ரூமுக்கு வந்துவிடு. அப்பாவும் மகளும் மூடும் வரை சுற்றட்டும். ஐந்து பேரும் சேர்ந்து டாக்சியில் போவதென்றால் ஆறு பேர் வண்டியாகக் கேள், சாதா டாக்சியில் நாலு பேர்தான். செயலியில் கூப்பிடும் தனியார் காரில் 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்கு அதற்கான இருக்கை கட்டாயம், டாக்சிக்கு அந்தச் சட்டம் கிடையாது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஆத்தா "என் காலை வைத்துக்கொண்டு நான் எதற்கு, அவர்கள் போய் வரட்டும்" என்று என்னிடம் சொல்கிறாள். உள்ளுக்குள் ஆசை இருக்கிறது, உனக்குச் சுமையாகிவிடுவோமோ என்ற பயம்தான். ரூம் விஷயத்தில் நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவது அவள் காதில் விழுந்தால் வரவே மாட்டாள். ஆகையால் இந்த வாரத்துக்குள் முடிவு செய். டிக்கெட்டைத் திருச்சியிலிருந்து போடு, ஆத்தாவுக்குக் கோயமுத்தூரைவிட அது கிட்டம். சக்கர நாற்காலிக்கு டிக்கெட் போடும்போதே சொல்லிவிடு. அவளை அழைத்துப்போக டிரைவரை அனுப்பாதே, நீயே வா.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் ஆச்சி