காதுக்கு எட்டாத வானொலி

தொண்ணூறுகளில் மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். வட்டுக்கோட்டையில் நான் சந்திக்கும் அம்மா ஒருவருக்கு ஷெல் வெடித்ததில் இரு செவியும் போய்விட்டன. "புயல் எண்டாலும் பக்கத்து வீட்டார் வந்து காட்டினால்தான் தெரியும், பிள்ளை" என்பார்.

பண்பலை ஒலிபரப்பில் ஒலியோடு எழுத்தையும் அனுப்பலாம். 1984இல் ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட ஆர்.டி.எஸ். முறை இது. 57 கிலோஹேர்ட்ஸ் துணை அலையில் 64 எழுத்துகள் வரையான செய்தி வந்து, அதற்கேற்ற வானொலியின் சிறு திரையில் தெரியும். இணையமோ கைத்தொலைபேசிக் கோபுரமோ தேவையில்லை. ஆனால் பெரும்பாலான பெட்டிகளில் தமிழ் எழுத்து வராது.

சகோதரிகளே, அனர்த்த எச்சரிக்கை தமிழில் எழுத்தாகவும் வரவேண்டும் என்று மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் கேட்போம். செவிப்புலன் இழந்தவர்களுக்கும் அது நேரத்தோடு சேரவேண்டும்.