முதற்புகை

சுருட்டுப் பிரியர் ஒருவரை அணுகி, "நீங்கள் எவ்வாறு இதிற் பற்றுக்கொண்டீர்கள்?" என்று வினவினால், இலையின் தரம், அதன் மணம், சுருட்டியவரின் கைப்பக்குவம், சாம்பல் உதிராது நீண்டு நிற்கும் பாங்கு என்று அவர் அடுக்கிக்கொண்டே போவார். அவை யாவும் உண்மையே. ஆயினும் அவை அவர் பிற்காலத்திற் கற்றுக்கொண்டவை. முதற்புகை எவருக்கும் இனித்திருக்க நியாயமில்லை. தலை சுழலும், வாயில் நீர் ஊறும், வயிற்றைக் குமட்டும், நெற்றி வியர்க்கும். உடல் இத்துணை வெளிப்படையாக வேண்டாமென்று சொல்லிய ஒன்றினை மனிதன் இரண்டாம் முறையும் நாடுவது எதனால்? இவ்வினா நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னுடன் வருகின்றது. நான் சுருட்டுக் குடிப்பவன் அல்லன். ஆனால் ஒரு சுருட்டுப் பிரியரின் நிழலில் வளர்ந்தவன். சில காலம் அவ்வழியிற் சென்று மீண்டவன்.

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் எம்மவர் வழங்குவர். எமது வீடு எழுவான்கரையில் இருந்தது. என் அம்மப்பா படுவான்கரையில், மண்டூருக்கு அப்பாலுள்ள வட்டையொன்றிற் போடியார் ஒருவருக்கு முல்லைக்காரராக இருந்தார். விதைப்புத் தொடங்கிச் சூடுமிதிப்பு முடியும்வரை வயல்வாடியே அவருக்கு வீடு. யானைக்கும் பன்றிக்கும் காவலாக இரவெல்லாம் பரணில் விழித்திருப்பார். அவ்விருளில் அவருக்குத் துணை நின்றது சுருட்டு. உறக்கத்தை அகற்றவும் நுளம்பை விரட்டவும் அது வேண்டும் என்பார். பரணின்மேல் ஒரு செந்நிறப் புள்ளி ஒளிர்ந்து மங்குவதைக் கண்டாற் காவல் விழித்திருக்கின்றதென்று அயல் வயற்காரர் அறிந்துகொள்வராம்.

பாடசாலை விடுமுறை நாள்களில் அவருக்குச் சோறும் சுருட்டும் கொண்டு செல்வது எனது கடமை. களுவாஞ்சிக்குடியில் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் வைத்திருந்த கடையிற் சுருட்டுக் கட்டொன்றை வாங்கிக்கொண்டு, குறுமன்வெளித் துறையிற் பாதையேறி அக்கரை சேர்வேன். 'பாதை' என்பது ஈண்டு தெருவன்று. மனிதரையும் மாட்டுவண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையையே அச்சொல்லால் அழைப்பது எமது வழக்கம். வாவிக் காற்றிற் கட்டை மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டே நிற்பேன். பற்றவைக்காத சுருட்டின் மணம் புகையின் மணத்தினின்றும் முற்றிலும் வேறானது. காய்ந்த இலையும் வெல்லமும் பழைய மரப்பெட்டியும் கலந்தாற்போன்ற அம்மணம் என் அம்மப்பாவின் சால்வையிலும் இருந்தது. எனவே சுருட்டை முகர்ந்தபோது நான் முகர்ந்தது அவரையே எனலாம்.

கடைக்காரர் கதை சொல்லுவதில் வல்லவர். இளமையில் தாம் யாழ்ப்பாணத்திற் சுருட்டுக் கொட்டிலொன்றில் வேலை செய்ததாகவும், அங்கே ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க ஏனையோர் கேட்டுக்கொண்டே சுருட்டியதாகவும் கூறுவார். எழுத்தறியாத தொழிலாளரும் உலக நடப்பை அறிந்திருந்தமைக்கு அதுவே காரணம் என்பார். இதே வழக்கம் கியூபாவிலும் நிலவியது என்பதைப் பிற்காலத்தில் அறிந்தபோது வியப்புற்றேன். ஹவானா நகரத்துத் தொழிற்சாலையொன்றில் 1865ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வாசிப்பிற் பத்திரிகைகளோடு நாவல்களும் இடம்பெற்றன. அங்கே தொழிலாளர் விரும்பிக் கேட்ட அலெக்சாந்தர் தூமாவின் நாவலொன்றின் பெயரே 'மொன்டி கிறிஸ்டோ' என்னும் புகழ்பெற்ற சுருட்டிற்கு வாய்த்தது என்பர்.

எனது அம்மப்பாவும் எழுத்தறியாதவர். கட்டைச் சுற்றிவரும் பழைய பத்திரிகைத் தாளை எறியவிடமாட்டார். "வாசி மனே, என்ன போட்டிருக்கு?" என்று சொல்லிவிட்டுச் சுருட்டைப் பற்றவைப்பார். கிழிந்த தாளில் தலையில்லாச் செய்தியும் வாலில்லாக் கதையுமே இருக்கும். அவற்றை நான் வாசிப்பேன். விடுபட்டதை அவர் தாமே இட்டு நிரப்புவார். சுருட்டு முடியும்வரை வாசிப்பு நடக்கும். எழுத்தின்மீது எனக்குப் பற்று ஏற்பட்டது அந்தப் புகை நடுவிலேதான்.

சுருட்டுக்கும் எமக்குமுள்ள உறவு பழையது. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஐரோப்பியக் கப்பல்களில் இப்பக்கம் வந்தது. வந்த செடிக்குப் பெயரிட்டவர் நாம். அதனைச் சுருட்டி உலகிற்கு ஒரு சொல்லையும் கொடுத்தோம். ஆங்கிலத்திலுள்ள 'செரூட்' என்பது நமது 'சுருட்டு' என்பதன் திரிபே. யாழ்ப்பாணப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாயிற்று. கொனன் டொயில் 1887இல் வெளியிட்ட முதலாவது ஷேர்லொக் ஹோம்ஸ் நாவலிற் கொலையாளி குடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சாம்பலைக் கொண்டே கூறிவிடுகின்றார். இலண்டனில் அச்சுருட்டு அறிமுகமானதற்குத் தென்னிந்தியாவிற் பணியாற்றித் திரும்பிய வெள்ளையரும் ஒரு காரணமாக இருந்திருப்பர். அந்நிய நாட்டிற் கழித்த இளமையின் நினைவாகவே அவர்கள் அதனைக் கொண்டுசென்றனர் போலும்.

என் கதைக்கு மீள்வேன். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. அன்று அம்மப்பா எம்முடன் எழுவான்கரையில் இருந்தார். இரவெல்லாம் காற்று ஊளையிட்டது. விடிந்தபோது எமது வளவிலிருந்த தென்னைகள் முறிந்தும் வேரோடு சாய்ந்தும் கிடந்தன. வீட்டிற்குக் கூரை இல்லை. அம்மப்பா தாம் நட்ட தென்னையொன்றின்மீது நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் மடியிலிருந்து சுருட்டொன்றை எடுத்தார். அது எவ்வாறோ நனையாமல் தப்பியிருந்தது. கை நடுங்கியதால் அவராற் பற்றவைக்க இயலவில்லை. அம்மம்மா மூட்டிய அடுப்பைக் காட்டி, "மனே, இதக் கொஞ்சம் பத்தவைச்சுத் தா" என்றார்.

எனக்கு அப்பொழுது 12 வயது. கொள்ளிக்கட்டையிற் சுருட்டின் முனையை வைத்து மறுமுனையை உறிஞ்சினேன். உலகம் ஒருமுறை சுழன்றது. இருமி, குமட்டி, கண்ணீர் வழிய அதனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சிரித்தார். அந்நாளில் எமது வளவிற் கேட்ட ஒரே சிரிப்பு அதுவே. அருகில் அமருமாறு சைகை செய்தார். அழிந்த தோட்டத்தைப் பார்த்தவாறு இரண்டு ஆண்பிள்ளைகளாக நாங்கள் அமர்ந்திருந்தோம். அன்றுதொட்டுச் சுருட்டுப் பற்றவைப்பது என் வேலையாயிற்று. சில கிழமைகளிற் குமட்டல் நின்றுவிட்டது. சில மாதங்களில் அவர் கேளாமலே பற்றவைக்கத் தொடங்கினேன். பதினாறு வயதில், வாவிக்கரைத் தாழை மறைவில், தனியே ஒரு முழுச் சுருட்டைக் குடித்து முடிப்பவனாயிருந்தேன். கடைக்காரரின் சுருட்டுகளில் எது புதியது, எது பதமேறியது என்று மணத்தாற் சொல்லவும் என்னால் முடிந்தது. நானும் ஒரு பிரியனாகிவிட்டேன்.

என் வினாவிற்குரிய விடை எனக்கு இங்குதான் கிடைத்தது. நாக்கு விரும்புவதற்கு நெடுநாள் முன்னரே மனம் விரும்பிவிடுகின்றது. ஒரு மனிதருடன், ஒரு கூட்டத்துடன், ஒரு வேளையுடன் சேர்ந்திருக்க வேண்டுமென்ற ஆசை முதலிற் பிறக்கின்றது. சுருட்டு அதற்கு வாயிலாகின்றது. சுவை பின்னாலே வந்து சேர்ந்து, தானே காரணமென்று சொல்லிக்கொள்கின்றது. உலகறிந்த சுருட்டுப் பிரியரான வின்ஸ்டன் சேர்ச்சிலை நோக்குமிடத்தும் இவ்வாறே தோன்றுகின்றது. அவர் 1895ஆம் ஆண்டின் இறுதியிற் போர் காணும் வேட்கையுடன் கியூபாவிற்குச் சென்றார். தமது இருபத்தோராவது பிறந்தநாளில் அங்கே துப்பாக்கிச் சூட்டின் நடுவே நின்றார். ஹவானாச் சுருட்டின்மீது அவர் கொண்ட வாழ்நாட் பற்று அப்பயணத்திலிருந்தே தொடங்கியதென்பர். இளமையும் அச்சமும் படைவீரர் தோழமையும் அந்தப் புகையிற் கலந்திருந்தன என்று எண்ணுகின்றேன்.

சுருட்டின் புகை காரத்தன்மை உடையது. அதனை நெஞ்சுக்குள் இழுக்காவிடினும் நிக்கொட்டின் வாயின் மென்தோலினூடாகவே குருதியிற் சேரும். புற்றுநோயை விளைக்கும் நஞ்சுகளும் அவ்விடத்திலேயே தங்கும். 1982இல் அம்மப்பாவின் கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண்ணொன்று தோன்றியது. வெற்றிலையின் சுண்ணாம்பு பட்டதென்று கூறிப் பல மாதங்கள் மறைத்துவிட்டார். இறுதியில் அவரை இரவுப் புகையிரதத்திற் கொழும்புக்கும், அங்கிருந்து மகரகமை வைத்தியசாலைக்கும் கொண்டு சென்றோம். காலம் கடந்திருந்தது.

ஒருநாள் மாலை நான் மாத்திரம் அவரருகே இருந்தேன். பேசுவது அவருக்குக் கடினம். என் கையைப் பற்றி, முகத்துக்கருகே இழுத்து, விரல்களை முகர்ந்தார். "நீயும் பத்துறியா, மனே?" என்று கேட்டார். "இல்ல அம்மப்பா" என்றேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கடைக்கு உன்ன விட்டிருக்கக் கூடாது" என்றார். நான் பொய்யுரைத்ததை அவர் அறிந்திருந்தார் என்றே நினைக்கின்றேன். அன்று காலை வைத்தியசாலைக்கு வெளியே ஒரு சுருட்டைக் குடித்துவிட்டே உள்ளே சென்றிருந்தேன். அதன்பின் நான் சுருட்டைத் தொடவில்லை. அதற்குக் காரணம் மன உறுதியன்று. அவருக்குச் சொன்ன கடைசிச் சொல் பொய்யாகவே நின்றுவிடக் கூடாதென்பதே காரணம்.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்தது; 21 வயதிற்குக் குறைந்தோருக்கு அதனை விற்பதையும் தடைசெய்தது. நல்ல சட்டம், என் காலத்தில் இருந்திருப்பின் கடைக்காரர் என் கையிற் கட்டைக் கொடுத்திருக்க மாட்டார். ஆயினும் நான் விளம்பரம் எதனையும் பார்த்து அவ்வழி சென்றவன் அல்லன். அன்பின் வழியாக வருகின்ற பழக்கத்தைச் சட்டம் மாத்திரம் மறித்துவிட முடியுமா? பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் பெரியவரும், "கொஞ்சம் பத்தவைச்சுத் தா" என்று நீட்டும் கையும் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும். சுருட்டைக் கொடுக்காமலே பிள்ளையை அருகில் அமர்த்திக்கொள்ள முடியும். பத்திரிகைத் தாள் ஒன்றே எனக்குப் போதுமாயிருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வெளிநாட்டு மாநாடொன்றின் இராவிருந்தில் நண்பரொருவர் தேவதாருப் பெட்டியொன்றைத் திறந்து ஹவானாச் சுருட்டொன்றை நீட்டினார். மறுப்பதற்கு முன் வாங்கி ஒருமுறை முகர்ந்தேன். பாதை வாவியைக் கடந்துகொண்டிருந்தது. கையிலே கட்டு இருந்தது. அக்கரையில் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். சுருட்டைத் திருப்பிக் கொடுத்தேன். "பழக்கமில்லையா?" என்று நண்பர் கேட்டார். "இல்லை" என்றேன். இம்முறை அது மெய்யாக இருந்தது.