ஏரிக்கு ஓர் ஆள்

சென்னை,
கார்த்திகை முதல் வாரம்

அன்புள்ள தாத்தாவுக்கு,

ஏரி ரொம்பிக் கலங்கல் ஓடுகிறது என்று அம்மா போனில் சொன்னாள். முழங்கால் வலியோடு கரைக்குப் போய் நின்றுவிட்டு வந்தீர்களாமே. போகாமல் இருக்க மாட்டீர்கள், தெரியும். தடியையாவது எடுத்துக்கொண்டு போங்கள்.

தீபாவளிக்குப் பிறகு ஊர்ப்பக்கம் வர முடியவில்லை. செமஸ்டர் முடிகிற நேரம். ஸ்டுடியோ ஜூரி, இரண்டு பேப்பர், ஒரு வைவா, அடுத்த வருட தீசிஸுக்குத் தலைப்பு, எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கின்றன. ராத்திரியில் ஸ்டுடியோவில் யாரும் விளக்கை அணைப்பதில்லை. ஒருத்தி மாடலுக்குச் சன்போர்டு அறுத்துக்கொண்டிருப்பாள், ஒருத்தன் மேசைக்கடியில் தூங்குவான். பிரிண்ட் கடையில் விடியற்காலையிலேயே வரிசை. மெஸ்ஸை மூடிய பிறகுதான் பசி தெரிகிறது. இதை ஆயாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

உடம்பு அசந்தாலும் மனசு அசரவில்லை, எடுத்துக்கொண்ட வேலை அப்படி. "வீடு கட்டுற படிப்பா, தோட்டம் போடுற படிப்பா?" என்று போன முறை கேட்டீர்கள். அரைகுறையாகப் பதில் சொல்ல மனமில்லாமல்தான் இந்தக் கடிதம்.

சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். 2022-இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு காலத்தில் இதைவிடப் பல மடங்கு பரந்து கிடந்தது. சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீரெல்லாம் அதில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். அப்படி மேலே இருக்கிற ஏரிகளில் ஒன்றுதான் எங்கள் புராஜெக்ட். ஆயக்கட்டு முழுக்க அடுக்குமாடி. வரத்துக்கால்வாயில் மழைத் தண்ணீரோடு வீட்டுச் சாக்கடையும் சேர்ந்து வருகிறது. அந்த ஏரிக்குள் போகுமுன் தண்ணீரைத் தெளிய வைக்க வேண்டும். மோட்டார் வைத்துச் சுத்திகரிப்பதைப் பற்றி எங்களுக்குக் கேள்வி இல்லை. செடியையும் மண்ணையும் வைத்து எவ்வளவு தூரம் முடியும் என்பதுதான் கேள்வி.

நிறையவே முடியும், தாத்தா. தாழ்வான பாத்தி வெட்டி, ஜல்லி நிரப்பி, சம்பும் நாணலும் கல்வாழையும் நட்டு, அதன் வழியே சாக்கடைத் தண்ணீரை மெல்ல விட வேண்டும். அழுக்கைச் செடி உறிஞ்சுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் வேலை செய்வது ஜல்லியிலும் வேரிலும் படிந்து வாழும் நுண்ணுயிர்கள்தான். வேர், தன்னைச் சுற்றிக் கொஞ்சம் ஆக்சிஜனைக் கசிய விடுகிறது. அங்கே ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறது. காற்றுப்படாத பகுதியில் வேறொரு கூட்டம் அந்த நைட்ரேட்டை நைட்ரஜனாக்கிக் காற்றோடு அனுப்பிவிடுகிறது. கேட்டே சீடல் என்ற ஜெர்மன் பெண்மணி 1950-களிலேயே கோரைகளை வைத்து இந்த வழியை ஆராய்ந்தார்.

ஹாஸ்டல் மாடியில் ஒரு பக்கெட்டில் இதைச் செய்து பார்த்தேன். அடியில் பெரிய ஜல்லி, மேலே சின்ன ஜல்லி, நடுவில் கல்வாழை. துணி துவைத்த தண்ணீரை மேலே ஊற்றினால் அடியிலுள்ள குழாயில் நுரையும் நாற்றமும் குறைந்து சொட்டுகிறது. ஆனால் சில நாளிலேயே மேல் ஜல்லியில் நூலும் சோப்புக் கசடும் கெட்டியாகப் படிந்து, தண்ணீர் இறங்காமல் தேங்கிவிட்டது. கையால் கிளறிவிட்டதும் மறுபடி இறங்கியது. பெரிய பாத்திக்கும் இதே கதிதான். முன்னால் கசடை வடிகட்ட வேண்டும், அதை அவ்வப்போது அள்ள வேண்டும், முற்றிய தண்டை அறுக்க வேண்டும். எங்கள் ஷீட்டில் பாத்திக்கு செக்‌ஷன் இருக்கிறது, குழாய்க்கு இருக்கிறது, பறவைக்குத் திட்டு கூட இருக்கிறது. அள்ளுகிறவருக்கு மட்டும் ஒரு கோடுகூட இல்லை.

போன செமஸ்டரில் கொல்கத்தாவுக்கு அழைத்துப் போனார்கள் இல்லையா, அங்கே பார்த்தது இப்போதுதான் உறைக்கிறது. நகரத்துக்குக் கிழக்கே 12,500 ஹெக்டேர் ஈரநிலம். சாக்கடைத் தண்ணீரை ஆழமில்லாத பேரிகளில் தேக்குகிறார்கள். பேரி என்றால் மீன் வளர்க்கும் பெரிய குளம். வெயிலில் பாசி வளர்கிறது, பாசி ஆக்சிஜன் தருகிறது, பாக்டீரியா அழுக்கைச் சிதைக்கிறது, மீன் பாசியைத் தின்கிறது. வெளியேறும் தண்ணீர் நெல்லுக்குப் போகிறது. அலை கரையைக் கரைக்காமலிருக்க ஓரத்தில் ஆகாயத்தாமரையை மூங்கில் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். நம்மூரில் பிடுங்கி எறிகிற அதே செடி! துருபஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர் 1980-களில் தொடங்கி இதை ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னார். 2002-இல் அதுவும் ராம்சார் நிலமானது. ஆனால் அதை உண்டாக்கியவர்கள் மீனவர்கள். ஒரு பெரியவர் கையில் தண்ணீரை அள்ளி நிறம் பார்த்தார். இன்றைக்கு மடையைத் திறக்க வேண்டாம் என்றார். மீட்டர் எதுவும் வைக்கவில்லை. அப்போது உங்களைத்தான் நினைத்தேன்.

நம்மூருக்குப் பக்கத்து உத்திரமேரூரிலேயே பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு ஏரி வாரியத்துக்கு எப்படி ஆள் எடுப்பது என்று சொல்கிறது. நிலமுள்ளவர்தான் வாரியத்தில் சேரலாம். இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தூம்பைத் திறந்தவரை நான் அதில் பார்க்கவில்லை. நம்மூரிலும் கரைமேல் நின்று பேசியவர்களுக்கு நாற்காலி கிடைத்தது, மடை திறந்து தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டியான உங்களுக்குக் களத்துமேட்டில் கடைசியாக அளந்த நெல். ஆனால் ஏரி நின்றது உங்களால். இயற்கையோடு இசைந்த வடிவமைப்பு என்று நாங்கள் பெரிய பெரிய புத்தகம் படிக்கிறோம். ஏரியையும் பாத்தியையும் கவனிக்கிற ஆளுக்குச் சம்பளமும் மரியாதையும் வடிவமைப்பிலேயே சேர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தீசிஸுக்கு அதையே தலைப்பாகக் கொடுத்துவிட்டேன்.

வைவா முடிந்த மறுநாள் கிளம்புகிறேன். ரெக்கார்டரும் நோட்டும் கொண்டு வருவேன். அதற்குள் இவற்றை யோசித்து வையுங்கள்: தண்ணீர் குறைந்த வருடத்தில் கடைமடைக்கு முறை வைத்தது எப்படி? ராத்திரி திருட்டுத்தனமாக மடை திறந்தால் எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? வண்டல் எடுக்க எந்த இடத்தை முதலில் காட்டுவீர்கள்? கரையில் எந்தப் புல்லை வெட்டக் கூடாது என்றீர்கள்? நீர்க்கட்டியாக இருந்தபோது நீங்கள் வைத்திருந்த பழைய கம்பு இன்னும் பரணில் இருந்தால் அப்பாவிடம் சொல்லி இறக்கி வைக்கச் சொல்லுங்கள். அளவெடுத்து வரைய வேண்டும்.

ஆயாவுக்கு என் அன்பு. கேழ்வரகு மாவு இருந்தால் அடை வேண்டும் என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்புப் பேத்தி,
செல்வி