அலை வர்றது தெரியணும்

பிப்ரவரி, வெள்ளி இரவு

நாளை எங்கள் முதியோர் இல்லத்துப் பெரியவர்களோடு மெரினா. மாலையில் போகலாமே என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நான் அதிகாலை என்பதில் உறுதியாக நின்றேன். மறதி நோய் உள்ளவர்களுக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் பதற்றம் கூடும். அதோடு கூட்டமும் தெரியாத இடமும் சேர்ந்தால் கடலே பயமாகிவிடும்.

கழிவறைதான் பெரிய கவலை. வெளியே போகிறோம் என்றால் எங்கள் பாட்டிமார் முந்தின இரவே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். வயதாக ஆக தாகம் எடுப்பதே குறைகிறது. அதோடு வேண்டுமென்றே குடிக்காமலும் இருந்தால் மயக்கத்தில் கொண்டுபோய் விடும். வழியில் எங்கே நிறுத்தலாம் என்று ஓட்டுநரோடு பேசி, அதை அவர்களிடமும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் இரண்டு பேர் செம்பை எடுத்துக் குடித்தார்கள். நீர் மாத்திரையை நாளை எப்போது கொடுப்பது என்று டாக்டரிடம் கேட்டாயிற்று.

சனி

விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே இறங்கினோம். மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் கேட்டுப் பெற்ற மரப்பாதை அங்கே இருக்கிறது. 263 மீட்டர் நீளம். 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் கடலோர முனையைப் பெயர்த்துவிட, பிறகு சரிசெய்தார்கள். யாரோ போராடி வாங்கிய வழியில் இன்று எங்கள் பெரியவர்கள் போனார்கள். நன்றியோடு எழுதி வைக்கிறேன்.

பாதை முடிந்ததும் மணல். சக்கர நாற்காலியின் சின்ன முன்சக்கரம் அதில் புதைந்துவிடும். அழுத்தித் தள்ளினால் ஆள் முன்பக்கம் கவிழ்ந்துவிடுவார். நாற்காலியைத் திருப்பி, பின்சக்கரத்தில் சாய்த்து இழுப்பதுதான் முறை. ஆனால் உட்கார்ந்திருப்பவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டல்லவா போவார்? நாற்காலியில் இருந்த டீச்சரம்மா விடவில்லை. “என்னைத் திருப்பி விடு கண்ணு, அலை வர்றது தெரியணும்.” அதன்பின் நான்கு பேராக நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம், முகம் கடலைப் பார்த்திருக்க.

கணுக்கால் நனையும் அளவோடு சரி. ஒவ்வொருவருக்கும் இரு பக்கமும் ஆள். சர்க்கரை உள்ளவர்களைச் செருப்போடுதான் இறக்கினோம்.

நாகப்பட்டினத்துத் தாத்தா மரப்பாதையை விட்டு இறங்கவே இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ணால் பார்த்தவர். யாரும் வற்புறுத்தவில்லை. சுக்குக் காபி குடித்தபடி, காலை நனைத்துக்கொண்டிருந்தவர்களை அங்கிருந்தே அதட்டிக்கொண்டிருந்தார்: “போதும், மேல வாங்க!”

ஞாயிறு

காலையில் எல்லாருடைய பாதங்களையும் விரலிடுக்கு உட்படப் பார்த்தேன். கால் மரத்துப்போனவர்களுக்குக் கிளிஞ்சல் கிழித்தாலும் உறைக்காது. ஒருவருக்குச் சிறு சிராய்ப்பு. கழுவி மருந்து போட்டேன்.

டீச்சரம்மாவின் மகன் வெளிநாட்டிலிருந்து போன் செய்தார். “எதுக்குங்க இந்த வயசுல தண்ணிகிட்ட? ஏதாவது ஆச்சுன்னா?” அவர் பயம் நியாயமானது. என்னென்ன ஏற்பாடு செய்தோம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். விழுந்துவிடுவார்களோ என்று எந்நேரமும் உட்காரவைத்தால் தசை வற்றி, விழும் ஆபத்துதான் கூடும் என்பதையும் சொன்னேன். அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்: உயிரோடு வைத்திருப்பது மட்டும் பராமரிப்பு ஆகாது. கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவருடைய அம்மாதான். வேண்டாம் என்ற தாத்தாவின் பேச்சைக் கேட்டோம். வேண்டும் என்றவரின் பேச்சையும் கேட்கத்தானே வேண்டும்?

படுக்கையில் இருப்பவர்கள் இந்த முறை வரவில்லை. சரிவுப் பலகை உள்ள வேன் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். மார்ச் முதல் வாரத்துக்குள் கிடைத்தால் நல்லது. அதற்குப் பிறகு எட்டு மணி வெயிலே அவர்களுக்குத் தாங்காது.