வேகத்துக்கு ஒரு இடம்: புதுப்பேட்டை முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

“இன்னா வண்டிக்கா?” என்றார் புதுப்பேட்டை கடைக்காரர்.

“வண்டி இல்லைங்க. சீட்டு மட்டும்தான் வேணும்.”

“அதான், எந்த வண்டிக்கு சீட்டு?”

“எங்க வீட்டு ஹாலுக்கு.”

அவர் என்னையும் என் 16 வயது மகனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “ரேஸ் கேமுக்கா தம்பி? போன மாசம்கூட ஒரு பையன் வந்து வாங்கினு போனான். வா, காட்டுறேன்.”

சென்னையில் இத்தனை வருடம் இருந்தும், புதுப்பேட்டைக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஆதித்தனார் சாலை, லாங்ஸ் கார்டன் ரோடு, அவற்றை ஒட்டிய சந்துகள் என எங்கு திரும்பினாலும் கார்கள்தான். ஆனால் முழு கார் ஒன்றுகூடக் கண்ணில் படாது. ஒரு கடையில் கதவுகள் மட்டும் புத்தகம் போல அடுக்கியிருக்கும். இன்னொரு கடையில் ஹெட்லைட். அடுத்ததில் பம்பர். ஒரு வாசலில் ஸ்டீயரிங் வீல்களை மாலை போலக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். டீசலும் கிரீஸும் கலந்த வாசனை. நடுவே ஒரு டீக்கடை, டீக்கடை பெஞ்சும் ஒரு வேன் சீட்டுதான்!

அந்த இடத்துக்கு நாங்கள் வந்ததற்குக் காரணம், அதற்கு மூன்று மாதம் முன்பு நடந்த ஒரு இரவு.

நள்ளிரவில் வந்த போன்

“உங்க பையன் இங்க இருக்கான், வந்து கூட்டிட்டுப் போங்க” என்று ஸ்டேஷனிலிருந்து அழைத்தார்கள். ஃபிரெண்டு வீட்டில் படிக்கப் போவதாகச் சொன்னவன், கடற்கரைச் சாலையில் பைக் ரேஸ் விட்ட கூட்டத்தில் இருந்தான். ஓட்டவில்லை, பின்னால் உட்கார்ந்திருந்தான். ஆனாலும் எனக்குக் கை நடுங்கியது. இன்று பின்னால் உட்கார்ந்தவன் நாளை முன்னால் உட்காருவான், அவ்வளவுதானே?

அந்த போலீஸ்காரர் பொறுமையாகவே சொன்னார். 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டால், 2019ல் வந்த சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யாரும் பேசவில்லை. மறுநாள் காலை காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்: “தப்புதாம்மா. ஆனா எனக்கு ரேஸ் ஓட்டணும். அது பொய் இல்ல.”

திட்டுவதற்கு நான் வாயெடுத்தபோது என் மாமியார் குறுக்கே வந்தார். “இவன் தாத்தா மட்டும் என்னவாம்? கல்யாணமான புதுசுல என்னை சினிமாவுக்கா கூட்டிட்டுப் போனாரு? சோழவரத்துக்கு ரேஸ் பார்க்கக் கூட்டிட்டுப் போனாரு. புடவையெல்லாம் மண்ணு!”

செங்குன்றத்தைத் தாண்டிப் போனால் வரும் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. போர் விமானத்துக்காகப் போட்ட ரோட்டில் கார்களும் பைக்குகளும் பறக்க, வடசென்னையே திரண்டு போய்ப் பார்த்திருக்கிறது. வீட்டில் இத்தனை வருடம் யாரும் சொல்லாத கதை இது.

அன்று மாலை என் கணவர் ஒரு ஒப்பந்தம் போட்டார். 18 வயது வரை எந்த வண்டியின் சாவியையும் அவன் தொடக் கூடாது. அதுவரை ஓட்டுவதற்கு வீட்டிலேயே ஓர் ஏற்பாடு.

சக்கர நாற்காலி பின்னால் ஓடியது

விளையாட்டு என்று நான் அலட்சியமாகத்தான் நினைத்தேன். மகன்தான் விளக்கினான். 2008ல் நிசானும் சோனியும் சேர்ந்து ஜிடி அகாடமி என்று ஒரு போட்டி தொடங்கின. வீடியோ கேமில் ஜெயித்தவர்களுக்கு நிஜ ரேஸ் காரில் பயிற்சி. 2011ல் அதில் வென்ற ஜான் மார்டன்பரோ என்ற பிரிட்டன் இளைஞர், லே மான் 24 மணி நேரப் பந்தயம் வரை போனார். அவர் கதை 2023ல் ‘கிரான் டூரிஸ்மோ’ என்று படமாகவும் வந்தது. 2020 ஊரடங்கில் பந்தயங்கள் நின்றபோது, ஃபார்முலா ஒன் ஓட்டுநர்களே அவரவர் வீட்டில் இப்படி உட்கார்ந்து இணையத்தில் போட்டி போட்டார்கள்.

சித்தப்பா மகனின் பழைய கம்ப்யூட்டர் சும்மாதான் கிடந்தது. செகண்ட் ஹேண்டில் ஸ்டீயரிங்கும் பெடலும் வாங்கினோம். இந்த ஸ்டீயரிங்குக்குள் ஒரு மோட்டார் இருக்கிறது. திரையில் கார் திரும்பினால் அது நம் கையை எதிர்த்து இழுக்கும், டயர் வழுக்கினால் சட்டென்று லேசாகிவிடும். அதை சாப்பாட்டு மேஜையில் பிடித்து மாட்டி, சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து ஓட்ட ஆரம்பித்தான்.

முதல் திருப்பத்தில் பிரேக்கை அழுத்தினான். நாற்காலி அவனோடு சேர்ந்து பின்னால் ஓடிச் சுவரில் முட்டியது. பெடல் முன்பக்கம் வழுக்கிப் போனது. மேஜை ஆடி, சாம்பார் கிண்ணம் கவிழ்ந்தது. காக்பிட் என்று தனியாக ஒன்று எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. ரேஸ் பிரேக் லேசாகத் தொடும் சமாசாரம் இல்லை, காலால் உதைப்பதற்குச் சமம். அதைத் தாங்க சீட்டும் பெடலும் ஸ்டீயரிங்கும் ஒரே சட்டத்தில், அசையாமல் இருக்க வேண்டும்.

அதனால்தான் புதுப்பேட்டை.

ஒற்றை ரூபாயும் ஒரு ஹேர் கிளிப்பும்

கடைக்காரர் ஐந்தாறு சீட்டுகள் காட்டினார். ஒரு புது மாடல் காரின் சீட் பளபளப்பாக இருந்தது. அதை அவரே வேண்டாம் என்றார். “இதுல பக்கவாட்டுல ஏர்பேக் இருக்குக்கா. வெடிச்சா ஆபத்து. பழசுதான் நல்லது.” வீட்டில் இப்படிச் செய்ய நினைப்பவர்கள் இதைக் கவனமாகக் கேட்டு வாங்குங்கள். கடைசியில் மாருதி 800ன் முன் சீட் ஒன்று அமைந்தது. முன்னும் பின்னும் நகர்த்தும் இரும்புச் சட்டத்தோடு 3,500 சொன்னார். 1,800க்கு முடிந்தது.

“ஆக்சிடென்ட் வண்டியா?” என்று கேட்டேன்.

“சே சே, வயசான வண்டிக்கா. அது வேற” என்று எதிரே கையைக் காட்டினார்.

எதிர்க் கடை வாசலில் ஒரு காரின் முன்பாதி கிடந்தது. காகிதம் கசக்கியது போல. ஸ்டீயரிங் ஒரு பக்கம் வளைந்து, கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி விரிசல். மகன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் எதுவும் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

சீட்டைக் கடையிலேயே வைத்துவிட்டு, கூவத்தைத் தாண்டி சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் போய், ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய மானிட்டரும் கேபிளும் வாங்கினோம். திரும்ப வந்து சீட்டை ஆட்டோவில் ஏற்றியபோது, “சீட்டு மேல சீட்டா?” என்றார் ஆட்டோக்காரர். மகன் அதன் மேலேயே ராஜா போல உட்கார்ந்துகொண்டான்.

ராயபுரத்துக்கு வரும் வழியில் தீவுத்திடல். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் இந்தச் சாலைகளில்தான் இரவு விளக்கில் கார் பந்தயம் நடந்தது. தீவுத்திடலைச் சுற்றி, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் எல்லாம் சேர்த்து 3.5 கிலோமீட்டர்.

“அன்னைக்கு இங்க முழுக்க கான்கிரீட் தடுப்பு வெச்சிருந்தாங்கம்மா. அதுக்கு மேல கம்பி வலை. மூலைக்கு மூலை கொடியோட ஆள்” என்றான் மகன். கொஞ்ச நேரம் கழித்து, குரல் தாழ்ந்து, “நாங்க போனப்ப எதுவுமே இல்ல. ஓரமா ஒரு இளநீர் வண்டிதான் இருந்துச்சு. அந்த தாத்தா வண்டியைத் தள்ளிட்டு ஓடினாரு.”

மூன்று மாதமாக நான் கேட்காத கேள்விக்கு அதுதான் பதில்.

இரண்டு நாள் மொட்டை மாடியில் சீட்டைக் காய வைத்தோம். உறையைக் கழற்றித் துவைத்தபோது இடுக்கிலிருந்து ஒரு ரூபாய் நாணயமும் ஒரு குழந்தையின் ஹேர் கிளிப்பும் விழுந்தன. ஏதோ ஒரு குடும்பம் எத்தனையோ ஊர் போய் வந்த சீட். கிளிப்பை மாமியார் பூஜை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டார்.

உட்கார்ந்து பார், பிறகு ஒட்டு

அடுத்தது எங்கள் தெரு வெல்டிங் பட்டறை. அதற்கு முன்பு தரையில் சீட்டை வைத்து, மகனை உட்கார வைத்து, கால், கை, முட்டி எங்கே வருகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டோம். பிரேக்கை முழுதாக அழுத்தும்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்தபடியே ஸ்டீயரிங்கின் உச்சியில் மணிக்கட்டு தொட வேண்டும். திரையின் நடு, கண்ணுக்கு நேராக. திரை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நிஜமாக வேகம் தெரியும்.

இரண்டு எம்எம் கனத்தில் சதுர இரும்புக் குழாய் வாங்கினோம். பட்டறைக்காரர் அனுபவசாலி. “முதல்ல அங்கங்க புள்ளி வெச்சு ஒட்டித் தரேன். தம்பி உட்கார்ந்து பார்க்கட்டும். சரின்னா முழுசா ஒட்டலாம்” என்றார். நல்லவேளை! பெடல் பலகை இரண்டு அங்குலம் தள்ளியிருந்தது. ஸ்டீயரிங் நிற்கும் தூண் ஆடியது. குறுக்கே முக்கோணமாக ஒரு முட்டு கொடுத்ததும் கல் மாதிரி நின்றது. பிசிறுகளைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே கறுப்பு பெயின்ட். கீழ் வீட்டு மாமிக்கு அதிர்வு கேட்காமல் இருக்க, அடியில் பழைய டயர் டியூபை வெட்டி வைத்தோம்.

ஸ்டீயரிங், கம்ப்யூட்டர் பாகங்கள் தவிர, சட்டத்துக்கு மட்டும் கூலியோடு 6,200 ரூபாய் ஆனது. ஹாலில் ஐந்தடிக்கு இரண்டடி இடம் போனது. சோபாவை விற்றோம்.

முதல் நாள் மாலை, இத்தாலியின் மான்சா டிராக். முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் வேகமெடுக்கும் நீண்ட நேர்கோடு, அதன் முடிவில் நடந்து போகிற மாதிரி மெதுவாகக் கடக்க வேண்டிய திருப்பம். மகன் நாற்பது தடவைக்கு மேல் மோதினான். “பிரேக் பிடிச்சேன்மா, நிக்கவே மாட்டேங்குது!”

அன்று என் கணவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறோம். 100 என்றால் 28 மீட்டர். ஐயோ என்று நாம் நினைத்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் ஓடிவிடும். மகன் அந்தத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான்.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ஞாயிறு

பள்ளித் தேர்வு முடிந்ததும் நிஜ டிராக்கைப் பார்க்கப் போனோம். பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் வருகிறது இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் கார் பிறக்கும் ஊர் என்றுதான் பலருக்குத் தெரியும். சோழவரத்துக்குப் பிறகு அதே கிளப் பந்தயத்துக்கென்றே கட்டி, 1990ல் திறந்த டிராக் இங்கேதான் இருக்கிறது. நீளம் 3.717 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். போவதற்கு முன் ரேஸ் நாள்தானா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தொப்பி, தண்ணீர், காதில் வைக்கப் பஞ்சு அவசியம்.

சத்தம் வயிற்றுக்குள் கேட்டது. மாமியார் காதைப் பொத்திக்கொண்டே சிரித்தார். “சோழவரம் மாதிரியே இருக்கு. மண்ணுதான் இல்ல!”

நான் கார்களைவிட மகனைத்தான் பார்த்தேன். அவன் டயர் அடுக்குகளை, கொடி பிடித்தவர்களை, தயாராக நின்ற ஆம்புலன்ஸை, தீயணைப்பு உருளையோடு நின்றவர்களை எண்ணிக்கொண்டிருந்தான். ஒரு பைக் வழுக்கி விழுந்தது. ஓட்டியவர் தரையில் உருண்டு, எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு நடந்தார். சில விநாடிகளில் மஞ்சள் கொடி அசைய, பின்னால் வந்தவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள்.

“ஒருத்தர் விழுந்தா எத்தனை பேர் ஓடி வர்றாங்க பாரும்மா” என்றான்.

வேகம் தப்பில்லை, அதற்கென்று ஓர் இடம் வேண்டும் என்று நான் சொல்ல நினைத்திருந்தேன். சொல்லத் தேவைப்படவில்லை.

இப்போது அவனுக்கு 18 ஆகிவிட்டது. சென்ற மாதம் எல்எல்ஆர் எடுத்திருக்கிறான். அப்பா பக்கத்தில் உட்கார, நாற்பதைத் தாண்டாமல் ஓட்டுகிறான். அப்பா ஓட்டினால்தான் தொல்லை. “முன்னாடி வண்டிக்கு இன்னும் இடம் விடுங்கப்பா” என்று நச்சரிக்கிறான்.

மான்சாவில் இன்னும் மோதுகிறான். இரவு எட்டு மணி வரை அந்த சீட் அவனுக்குக் கிடைக்காது. பூண்டு உரித்துக்கொண்டே சீரியல் பார்க்க அதைவிட வசதியான இடம் வீட்டில் இல்லை என்று மாமியார் முடிவு செய்துவிட்டார்.