அம்மாவுக்கும் ஒரு பக்கம்

சிறப்பாசிரியர் பட்டயப் படிப்பில் குழந்தையைக் கணிக்க நிறையச் சொல்லித்தருகிறார்கள்: கழுத்து நின்றதா, குப்புற விழுந்ததா, கூப்பிட்டால் திரும்புகிறதா. அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருகிற அம்மாவைக் கவனிக்க நான் கற்றது, பயிற்சிக்குச் சேர்ந்த ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில்தான். மதுரைப் பக்கம் இருக்கிறது. வருகிற குழந்தைகளில் பலருக்கு டவுன் சிண்ட்ரோம். என்னைப் பழக்கிய மூத்த ஆசிரியையை அம்மாக்கள் 'டீச்சர்' என்பார்கள், நானும் அப்படியே.

டீச்சரின் பதிவேட்டில் இடது பக்கம் குழந்தைக்கு, வலது பக்கம் அம்மாவுக்கு. ராத்திரி எத்தனை முறை எழுந்தார், காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், இடுப்புவலி உண்டா, கடைசியாக எந்த விசேஷ வீட்டுக்குப் போனார் என்று அதில் எழுத வேண்டும். இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். "நாம சொல்ற பயிற்சிய எல்லாம் வீட்டுல செய்யப்போறது அவதானே? அவ படுத்துட்டா புள்ளைய யாரு நிக்கவைப்பா?" என்றார்.

முதலில் கற்றது, யாரை உட்காரவைத்துப் பேசுவது என்பது. குரோமோசோம் பரிசோதனை முடிவைப் பற்றிப் பேச அம்மாவை மட்டும் டீச்சர் கூப்பிடவே மாட்டார். அப்பாவும் அப்பத்தாவும் வந்தாக வேண்டும். தாளில் 23 ஜோடிக் கோடுகள் போடுவார். 21-ஆவது ஜோடிக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று; அதுதான் டவுன் சிண்ட்ரோம். ஒருமுறை ஒரு அப்பத்தா, "எங்க வம்சத்துல இப்படி யாரும் இல்லையே" என்று இழுத்தார். "உங்க மருமக வம்சத்துலயும் இல்ல அப்பத்தா. கரு உண்டாகிறப்ப செல் பிரியிறதுல தற்செயலா நடக்கிறது இது. கிரகணமும் காரணமில்ல, பப்பாளியும் காரணமில்ல" என்றார் டீச்சர். நூற்றில் மூன்று, நான்கு பேருக்கு மட்டும் அந்தக் கூடுதல் குரோமோசோம் வேறொன்றோடு ஒட்டியிருக்கும். அப்போது பெற்றோர் இருவருக்கும் ரத்தப் பரிசோதனை தேவை. அது அப்பா வழியிலும் வரலாம், அம்மா வழியிலும் வரலாம். இதை அம்மா தனியாகக் கேட்டுவிட்டுப் போனால், வீட்டில் போய் அவரே வாதாட வேண்டியிருக்கும். நாமே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டால் அந்தப் பாரம் பாதி குறையும்.

அடுத்தது, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பயிற்சிச் சீட்டு. இந்தக் குழந்தைகளுக்குத் தசை தளர்வாக இருக்கும். நாக்கு சோற்றை வெளியே தள்ளும். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, தட்டையான ஸ்பூனை நடுநாக்கில் லேசாக அழுத்தி வைத்து, உதடு மூடும்வரை காத்திருந்து, நேராக வெளியே எடுக்க வேண்டும். ஸ்பூனை மேலுதட்டில் வழித்துவிடக் கூடாது. ஒரு கிண்ணம் பருப்புச்சோறு இறங்க முக்கால் மணி நேரம்கூட ஆகும். இதற்கு மேல் பிசியோதெரபியில் அரை மணி, பேச்சுப் பயிற்சியில் அரை மணி என்று ஆளாளுக்கு எழுதிக்கொடுப்பார்கள். டீச்சர் எல்லா நேரத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடிக்க ஆரம்பிப்பார். எப்படியும் நடக்கிற வேலையோடு சேருகிற பயிற்சிதான் மிஞ்சும். குளிப்பாட்டும்போது கை கால் பெயர் சொல்வது, சட்டை மாட்டும்போது கையைத் தானே நீட்டவைப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஆள்: குளிப்பாட்டுவது அப்பா, சாயங்காலம் பாட்டுப் பாடி விளையாட்டுக் காட்டுவது அப்பத்தா.

மூன்றாவது பாடம்தான் எனக்குக் கடினமாக இருந்தது: அழுகிற அம்மாவின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது. "கடவுள் உங்களை நம்பித்தான் கொடுத்திருக்கார்" என்ற வசனத்துக்கு டீச்சரிடம் தடை. இந்தத் துயரம் நோயல்ல, இயல்பானது என்று 1962-லேயே சைமன் ஓல்ஷான்ஸ்கி எழுதியிருக்கிறார். தீர்ந்தது போலிருக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்கேஜி சேருகிற அன்றைக்குத் திரும்ப வரும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அப்போது, "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ஐ வலது பக்கத்தின் மேலேயே எழுதிவைத்திருக்கிறோம்.

குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள்ளேயே பல அம்மாக்கள் கேட்டுவிடும் கேள்வி, "எனக்கப்புறம் யாரு?" இதற்கு ஆறுதல் போதாது, தகவல் வேண்டும். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு 18 வயதானபின் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க, ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு உண்டு. நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடிக்கு அலைய வேண்டிய வேலை அப்பாவின் பெயரில்தான் எழுதப்படும்.

இப்போது சீட்டு எழுதுகிற வேலை என்னுடையது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நீங்கள் எழுதும் பயிற்சிச் சீட்டில் அம்மா பெயர் மட்டுமே இருந்தால், அதைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.