ஹாலாங்: பேக்கேஜா, தனி ரூட்டா?

ஹனோய்க்கு டிக்கெட் போட்டாச்சா? வெரி குட்! அடுத்த நிமிஷமே உங்க கேங்ல ஒரு பட்டிமன்றம் ஆரம்பிச்சிருக்குமே... ஹாலாங் விரிகுடாவுக்கு டூர் பேக்கேஜ்ல போறதா, இல்ல நாமளே போய் படகு பிடிக்கிறதா?

முதல்ல ஒரு கனவைக் கலைச்சிடுவோம். 'நாமளே' என்றால், மோட்டார் படகை வாடகைக்கு எடுத்து ஹீரோ மாதிரி நீங்களே ஓட்டுவது அல்ல. அங்கே லைசென்ஸ் உள்ள படகுகள், அவற்றுக்கென்று வகுத்த ரூட்கள், நுழைவு டிக்கெட் எல்லாம் உண்டு. ஆக, எந்த வழியில் போனாலும் படகை ஓட்டப்போவது உள்ளூர்க்காரர்தான். உங்க கையில் இருப்பது எங்கே தங்குவது, எப்போ கிளம்புவது என்கிற முடிவு மட்டும்தான். ஆனா, அங்கேதான் மேட்டரே இருக்கு!

1,553 சதுர கிலோமீட்டர் கடல். அதில் பச்சைத் தண்ணியைப் பிளந்துக்கிட்டு நிற்கிற சுண்ணாம்புப் பாறைத் தீவுகள், கணக்குப்படி 1,969. ஹோ சி மின் இறந்த வருஷமும் 1969. தற்செயல்தான்... நம்பிட்டோம்! 1994-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஹனோயிலிருந்து ஒரே நாளில் போய் வரும் பேக்கேஜ் எப்படின்னா, ஓட்டல் வாசலுக்கே வேன் வரும். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். நடுவில் சாப்பாடு, சுங் சோட் குகை, டிடோப் தீவு. (1962-ல் இங்கே வந்த சோவியத் விண்வெளி வீரர் டிடோவின் பெயர்தான் இந்தத் தீவுக்கு!) கஷ்டமே இல்லை. ஆனா எல்லா வேனும் ஒரே நேரத்துக்கு வந்து சேர்வதால், குகைக்குள் முன்னால் போறவர் முதுகுதான் அதிகம் தெரியும். பேக்கேஜ்தான்னு முடிவு பண்ணினா, ஒரு ராத்திரி படகிலேயே தங்குகிற மாதிரி எடுங்க. கூட்டம் கரையேறின பிறகு, பாறைகள் ஒவ்வொன்றாக இருட்டில் கரையும். காசு அதுக்குத்தான்.

தனி ரூட்காரங்களுக்கு கட் பா தீவு. ஹனோயிலிருந்து பஸ், அப்புறம் கடலைத் தாண்ட ஒரு படகு. தீவில் ரூம் போட்டுட்டா, பக்கத்திலேயே லான் ஹா விரிகுடா. அதே பாறை, அதே பச்சை, கூட்டம் கம்மி. காலையில் ஒரு படகில் இடம் பிடித்து, நடுக்கடலில் கயாக்கில் இறங்கித் துடுப்புப் போடலாம். 2023-ல் யுனெஸ்கோ தன் பட்டியலை விரிவாக்கியபோது கட் பா தீவுக்கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. சோ, ஏதோ செகண்ட் ஹேண்ட் ஹாலாங் என்று நினைக்காதீங்க. இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்குமே இல்லாத கட் பா லங்கூர் குரங்குகள் 100-க்கும் குறைவாகத்தான் மிச்சம். கண்ணில் பட்டால் உங்களுக்கு லக்!

இப்போ சீரியஸான விஷயம். 2011 பிப்ரவரியில் ராத்திரி நங்கூரம் போட்டு நின்ற சுற்றுலாப் படகு ஒன்று மூழ்கி 12 பேர் இறந்தார்கள். 2025 ஜூலையில் திடீர்ப் புயல் மழையில் ஒரு படகு கவிழ்ந்து 35-க்கும் மேற்பட்டவர்கள் பலி. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே வானத்தை நம்ப முடியாது. புயல் எச்சரிக்கை வந்தால் துறைமுகத்தையே மூடிடுவாங்க. பேக்கேஜ்காரர் பணத்தைத் திருப்பித் தரலாம். மறுநாள் ஃப்ளைட்டை யார் நிறுத்துவது? கட் பாவில் ஒரு நாள் எக்ஸ்ட்ரா வைத்திருப்பவர் ரூமில் சீட்டு விளையாடிவிட்டு மறுநாள் போவார். ஆனா, அவருக்கு வானிலையைச் சொல்ல ஆள் கிடையாது. ரூம்காரரிடம் தினமும் கேட்டுக்கணும். லைஃப் ஜாக்கெட் தராத படகில் காலே வைக்கக் கூடாது, அது எந்த வழியானாலும்!

என்னைக் கேட்டா... கையில் ரெண்டே நாள்தான் என்றால், கூச்சப்படாம பேக்கேஜில் போங்க. நாலு நாள் இருந்தா கட் பாதான், யோசிக்கவே வேணாம். மாதம்? அக்டோபர், நவம்பர். ஜனவரியில் போனா குளிரும் பனிமூட்டமும் சேர்ந்து பாதித் தீவை மறைச்சிடும்.

அப்புறம், சைவப் பார்ட்டிகளே... வெறும் கீரை வதக்கலில்கூட மீன் சாஸ் இருக்கும். புக் பண்ணும்போதே 'ஆன் சாய்'னு சொல்லிடுங்க. அங்கே அது டீ இல்லை பாஸ், சைவச் சாப்பாடு!